ஓபன் என்ரோல்மென்ட்: எல்லாரும் பிபிஓவை விட்டுப் போகிறார்களா?

கேள்வி – எடிசன்வாசி
நியூஜெர்சியில் வேலை. அடுத்த வருட ஹெல்த் இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் நேரம். ஆபீசில் இரண்டே பிளான். ஒன்று பிபிஓ, ஸ்பெஷலிஸ்டை நாமே நேராகப் போய்ப் பார்க்கலாம். இன்னொன்று ஹெச்எஸ்ஏவோடு (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) வரும் ஹை டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்டும் டிடக்டிபிள் தொகை அதிகம். டீமில் பாதிப் பேர் இரண்டாவதற்குப் போய்விட்டார்கள், பிபிஓவில் இனி யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நாடு முழுக்க இப்படித்தானா? மனைவிக்கு மார்ச்சில் டெலிவரி, அதனால்தான் யோசனை.

கணக்குப்பிள்ளை
உங்கள் டீம்தான் நாடு என்று நினைக்காதீர்கள். கேஎஃப்எஃப் என்ற ஹெல்த் ஆய்வு நிறுவனம் வருடாவருடம் கம்பெனிகளிடம் எடுக்கும் சர்வேயில், 2024ல் ஆபீஸ் இன்சூரன்ஸ் வைத்திருக்கும் ஊழியர்களில் 48 சதவீதம் பிபிஓ, 27 ஹை டிடக்டிபிள், 13 ஹெச்எம்ஓ (பிளானின் டாக்டர்களிடம் மட்டும் போகலாம்), 12 பிஓஎஸ் (ஹெச்எம்ஓவும் பிபிஓவும் கலந்தது). ஆனால் 2006ல் பிபிஓ 60, ஹை டிடக்டிபிள் வெறும் 4, ஏனென்றால் ஹெச்எஸ்ஏ சட்டப்படி வந்ததே 2004ல்தான். ஏறியதெல்லாம் முதல் பத்து வருடத்தில். 2016லேயே 29ஐத் தொட்டுவிட்டது, 2024 வரை அங்கேயே கொஞ்சம் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.

பழையகை
இதில் ஊழியர் விருப்பம் பாதிதான். 1996ல் ஹெச்எம்ஓ 31 சதவீதத்தோடு முதலிடத்தில் இருந்தது, கம்பெனிகளுக்குச் செலவு குறைந்தது, ஆனால் வழக்கமான டாக்டர் தரும் ரெஃபரல் இல்லாமல் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடியாது என்று ஜனங்கள் கடுப்பாகி பிபிஓ பக்கம் போனார்கள். பிபிஓ விலை ஏறியதும் கம்பெனிகள் டிடக்டிபிளை நம் தலையில் கட்டின. 2024ல் ஒரு குடும்பத்துக்குச் சராசரி பிரீமியம் 25,572 டாலர், பெரும்பங்கு கம்பெனி பணம், அவர்கள் சும்மா இருப்பார்களா? சில இடங்களில் ஹை டிடக்டிபிளைத் தவிர வேறு பிளானே கிடையாது. கலிபோர்னியாவில் ஹெச்எம்ஓ இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறது, அங்கே பெரிய ஹெச்எம்ஓவான கைசர் புண்ணியம்.

ஹெச்ஆர்_அக்கா
தம்பி, சதவீதத்தை விடுங்கள். மார்ச் டெலிவரி என்றால் டிடக்டிபிள் ஜனவரியில் புதிதாகத் தொடங்கி முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். இரண்டு பிளானுக்கும் வருட பிரீமியத்தில் உங்கள் பங்கோடு அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமத்தை (வருடத்தில் சிகிச்சைக்கு உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பு) கூட்டுங்கள், ஹை டிடக்டிபிளில் கம்பெனி ஹெச்எஸ்ஏவுக்குப் போடுவதைக் கழியுங்கள், எது குறைவோ அது. சில கம்பெனிகளில் இந்தக் கணக்கில் ஹை டிடக்டிபிளே ஜெயிக்கும், பயந்து பிபிஓ எடுக்காதீர்கள். ஆனால் நியூஜெர்சி மாநில வரியில் ஹெச்எஸ்ஏவுக்குக் கழிவு கிடையாது, கலிபோர்னியாவும் அப்படித்தான். குழந்தை பிறந்து 30 நாளுக்குள் இன்சூரன்ஸில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

எடிசன்வாசி
நன்றி அக்கா. ஊருக்குத் திரும்பிவிட்டால் ஹெச்எஸ்ஏ பணம் என்ன ஆகும்?

ஹெச்ஆர்_அக்கா
உங்கள் பணம், வேலை மாறினாலும் உங்களோடுதான். ஊரில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தாலும் அமெரிக்க வரி இல்லை, ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வேறு செலவுக்கு 65 வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 20 சதவீதம் அபராதம். இந்திய வரிக்கு ஆடிட்டரைக் கேளுங்கள்.