வங்கி அதிகாரி பணிக்கான நேர்முகத் தேர்வு: மூன்று வாரத்தில் எதைப் படிப்பது?

காரைக்குடிப் பெண்:
ஐ.பி.பி.எஸ். (வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம்) நடத்தும் பி.ஓ. (பயிற்சி நிலை அதிகாரி) முதன்மைத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கணிதத்தில் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளாகின்றன. இந்தக் காலத்தில் தேர்வுக்குப் படித்ததையும், அப்பாவின் வயல் கணக்குகளைப் பார்த்துக்கொண்டதையும் தவிர வேறு வேலை எதுவும் செய்யவில்லை. நடப்பு நிகழ்வுகளை எவ்வளவு படித்தாலும் போதாது என்றே தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:
வாழ்த்துகள், அம்மா. இறுதித் தரவரிசையில் முதன்மைத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் 80:20 என்ற விகிதத்தில்தான் மதிப்பு தரப்படுகிறது. நேர்முகத்தில் நூற்றுக்கு 40 மதிப்பெண், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்), மாற்றுத்திறனாளிப் பிரிவினராயின் 35, பெற்றாக வேண்டும்.

குழுவினர் முன் இருப்பது உங்கள் விண்ணப்ப விவரம்; பெரும்பாலான கேள்விகள் அதிலிருந்தே கிளைக்கும். காரைக்குடி என்று எழுதியவரிடம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைப் பற்றிக் கேட்காமல் விடுவார்களா? 1937 பிப்ரவரி 10 அன்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் அதைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். ஆண்டை மட்டும் சொல்லி நிறுத்தாமல், ரங்கூனில் ஏன் ஒரு கிளை என்பதையும், பர்மாவில் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கலைச் சுட்டி, இரண்டு வாக்கியங்களில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா விவசாயி என்றால் அடுத்தது பயிர்க்கடன். பொதுவாகத் தவணையோ வட்டியோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன் ஆகிறது. குறுகிய காலப் பயிர்களுக்கான கடனிலோ இரண்டு பயிர்ப் பருவங்கள் என்பது கணக்கு. விளைச்சல் வந்தால்தானே விவசாயியின் கையில் பணம் புழங்கும்? இந்தக் காரணத்தை உங்களைப் போல் வயலருகே வளர்ந்தவர் சொல்லும்போது அதற்குத் தனி எடை உண்டு.

இரண்டாம் முயற்சியில் தேர்வானவர்:
தங்கைக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் முறை, ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி, எவ்வளவு என்று கேட்டார்கள்; உடனே சொன்னேன். அது உயர்ந்தால் வீட்டுக்கடன் வாங்கியவருக்கு என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்டபோது, எண்ணை மட்டும் மனப்பாடம் செய்திருந்த நான் தடுமாறி, தெரியாததைத் தெரிந்ததுபோல் நீட்டி முழக்கினேன். குழுத் தலைவர் பேனாவை மூடி வைத்ததை இன்னும் மறக்கவில்லை. மறுமுறை தெரியாத கேள்விக்கு “தெரியவில்லை ஐயா” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர்களும் இயல்பாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு ஆண்டு இடைவெளியை மறைக்க வேண்டாம். வயல் கணக்கு என்றீர்களே, ஓர் ஏக்கர் நெல்லுக்கு விதை, உழவு, உரம், ஆள் கூலி என்று எவ்வளவு செலவானது என்பதை எண்களோடு சொல்லுங்கள். நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். தினமும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் காலை கேட்பேன். எங்கே வேகமாக ஓடுகிறேன், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

சான்றிதழ் சரிபார்ப்பில் அலைந்தவர்:
ஓ.பி.சி. பிரிவில் விண்ணப்பித்திருந்தால், மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் போதாது. கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யினரில் வசதி மிகுந்த பிரிவில்) இல்லை என்ற குறிப்புடன் மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அறிவிக்கையில் கேட்ட தேதிக்குள் பெற்றதா என்றும் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் ஆதாரில் அப்பாவின் முழுப் பெயரும் இருந்தால், இப்போதே கவனித்துவிடுங்கள்.

காரைக்குடிப் பெண்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் பயிர்க்கடன் பற்றிக் கேட்டேன். அது அம்மாவின் நகையை வைத்து வாங்கிய கடன் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. வங்கி தந்த நகைக்கடன் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வட்டி விகிதத்தையும் தவணைத் தேதியையும் குறித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது மாநிலச் சான்றிதழ் மட்டுமே, ஓ.பி.சி. சான்றிதழுக்காகத் திங்கட்கிழமை காலையிலேயே இ-சேவை மையத்துக்குச் செல்கிறேன்.