ஏழாம் வகுப்புடன் மகளை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் வழியில் ஏழாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். காலாண்டுத் தேர்வோடு கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். அந்த இடத்துக்கு இதுவரை யாரும் வரவில்லை. அவளுடைய கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள்தான், கடைசிச் சில பக்கங்களில் மட்டும் புள்ளிக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்து மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமையாசிரியர் இழுத்தடிப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது. உயர்கல்வியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிற 7.5 விழுக்காடு ஒதுக்கீடு போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மையா?

மறுமொழி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
சான்றிதழைப் பற்றி அஞ்ச வேண்டாம், அம்மா. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்றும், தாமதித்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் கூறுகிறது. ஆனால் தாளைக் கையில் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் 'எமிஸ்' இணையதளத்தில் உள்ள உங்கள் மகளின் பதிவை, நாங்கள் 'காமன் பூல்' என்று சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் பழைய பள்ளி அனுப்பினால்தான் புதிய பள்ளியால் எடுத்துக்கொள்ள முடியும். அதற்கு முன் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு முன்னெழுத்துப் பிழைக்காகப் பத்தாம் வகுப்பில் அலைந்த பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 விழுக்காட்டு இலவச இடங்கள் பள்ளியின் நுழைவு வகுப்புச் சேர்க்கைக்கு மட்டுமே உரியவை என்பதால், எட்டாம் வகுப்பில் முழுக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

மறுமொழி (மகனை மாற்றிய தாய்):
பக்கத்து வீட்டார் சொன்னது உண்மைதான், சகோதரி. மருத்துவப் படிப்புகளுக்கு 2020இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் கொண்டுவந்த சட்டங்களின்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகூட இதில் சேராது. நான் என் மகனை எட்டாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினேன்; கட்டணம் கட்ட முடியாமல் பத்தாம் வகுப்பில் பழைய பள்ளிக்கே அழைத்து வந்தேன். பொறியியல் கலந்தாய்வின்போது ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தான் என்று சான்று கேட்டார்கள், இடையில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளால் அவனுக்கு ஒதுக்கீடு கிடைக்கவில்லை. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த அவன் நண்பனுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், மெட்ரிக் பள்ளிக்குப் போனால் உங்கள் மகளுக்குத் தகுதி இருக்காது.

மறுமொழி:
ஒதுக்கீட்டை மட்டும் எண்ணிக் கணக்கே தெரியாத பிள்ளையை அங்கேயே வைத்திருக்கச் சொல்வதும் நியாயமாகத் தோன்றவில்லை. உங்களுடையது நடுநிலைப் பள்ளி என்பதால், எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவள் எப்படியும் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். அதை ஓராண்டு முன்பாகவே செய்து, கணக்கு ஆசிரியர் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ சேர்த்துவிடுங்கள். ஒதுக்கீடும் அறுபடாது, தமிழ் வழியும் தொடரும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதை யாரும் இங்கே சொல்லவில்லை. சேர்ப்பதற்கு முன் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஆண்டு விழா மேடையை விட அது அதிகம் சொல்லும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஏனோ அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை கணவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போகிறேன். எமிஸ் பதிவில் அவளுடைய முன்னெழுத்தை இப்போதுதான் பார்த்தேன், ஐயா. தவறாகத்தான் இருக்கிறது.