72 குர்த்தி மட்டும் தைக்க வேண்டும்: கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி பக்கம் எப்படிச் செய்வது?

நூல்கண்டு (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு, கேரளம்):

சொந்த டிசைனில் பெண்களுக்கான நேர்வெட்டுக் குர்த்தி. 60-ஆம் நம்பர் கேம்ப்ரிக் காட்டன், 44 அங்குல அகலம். முக்கால் கை, முன்பக்கம் சின்னப் பட்டி, மூன்று பட்டன், தைத்த பிறகு நீளம் 110 செ.மீ. மூன்று நிறம். நிறத்துக்கு S 4, M 8, L 8, XL 4, மொத்தம் 72 பீஸ்.

திருப்பூரில் விசாரித்த இடங்களில் 500 பீஸுக்குக் கீழே எடுக்க மாட்டார்களாம். தெருவில் இருக்கும் டெய்லர் கடையில் கொடுத்தால் பத்து பீஸும் பத்து அளவில் வருகிறது. வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாட்டுப் பக்கம் ஆறேழு மெஷின் வைத்த சின்ன யூனிட்டுகள் இருக்கின்றன. அவர்களிடம் போகும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும்? துணி எத்தனை மீட்டர் வாங்குவது? மாநில எல்லை தாண்டித் துணி போய்த் திரும்பி வருவதற்கு என்ன காகிதம் வேண்டும்? அடுத்த பேட்ச் ஓணத்துக்குக் கசவுக் கைத்தறியில் (சரிகைக் கரை போட்ட கேரளத் துணி) செய்ய எண்ணம். அதற்கும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கட்டிங்_மேசை (பொள்ளாச்சி):

முதல்ல திருப்பூரை விட்டுருங்க. அங்க பெரும்பாலும் பனியன் துணிக்கான லைன். ஓவர்லாக்கும் (துணி ஓரம் பிரியாம சுத்தித் தைக்கிற மெஷின்) பிளாட்லாக்கும்தான் வரிசையா நிக்கும். உங்களுக்கு வேணுங்கறது தறித்துணி தைக்கிற சிங்கர் மெஷின் (ஒத்தை ஊசி நேர்தையல்) நாலு, ஓவர்லாக் ஒண்ணு, காஜா பட்டனுக்கு ஒரு ஆள். ஆறு மெஷின் யூனிட்டே போதுமுங்க.

500 பீஸ் கேக்கறதுக்குக் காரணம் இருக்குது. பேட்டர்ன் புரிஞ்சுக்க, மார்க்கர் (துணி மேல பாகங்களை அடுக்கி வரையற படம்) போட, நூல் மாத்த, நூல் டென்ஷன் (இறுக்கம்) சரி பண்ண, முதல் பீஸை ஓட்டிப் பாக்கன்னு எல்லாருக்கும் சேத்து ஆறு மணி நேரம் போகுதுன்னு வைங்க. மணிக்கு 150 ரூபா போட்டா 900 ரூபா. 500 பீஸுன்னா தலைக்கு 1.80, 72 பீஸுன்னா 12.50. யூனிட்காரர் பயப்படறது இந்த வித்தியாசத்துக்குத்தான். அதனால பீஸ் ரேட்டைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீங்க. "செட்டிங் காசு தனியாத் தர்றேன், பீஸ் ரேட் தனி"ன்னு பேசுங்க. அப்புறம் அந்த ஆறு மணி நேரத்தையே குறைக்கப் பாருங்க.

உதாரணத்துக்கு நூல். மூணு நிறத்துக்கும் ஓவர்லாக் நூலை மாத்தினா ஒவ்வொரு தடவையும் கோன் எல்லாத்தையும் கழட்டி மாட்டணும். உள்பக்கம் தெரியற தையல்தானே, வெளிர் சாம்பல் ஒண்ணே மூணுக்கும் போதும். மூணு நூல் ஓவர்லாக் ஒரு மீட்டர் தையலுக்கு 14 மீட்டர் வரைக்கும் நூல் தின்னும், சிங்கர்ல 2.5 மீட்டர்தான். நிற நூலை மேல் தையலுக்கு மட்டும் வாங்குங்க. மூணு நிறத்துக்கும் ஒரே பட்டன், ஒரே பட்டி அகலம். இதெல்லாம் சின்ன விஷயமா இருக்கும், ஆனா இதுக்கே யூனிட்ல முகம் மாறும்.

இனி துணிக் கணக்கு. 44 அங்குலம்னா 112 செ.மீ. ரெண்டு பக்கக் கரையையும் விட்டா 108 நிக்கும். M சைஸ் மார்பு 38, லூஸ் 4, ஆக 42 அங்குலம். அதுல பாதி 53.5 செ.மீ., ரெண்டு பக்கத் தையல் மார்ஜின் 5 சேத்தா 58.5. முன்னும் பின்னும் பக்கத்துல பக்கத்துல வெச்சா 117, துணி பத்தாது. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத்தான் போடணும். ஒரு பாகத்துக்கு நீளம் 116 வெச்சா ஒரு குர்த்திக்கு 2.32 மீட்டர். பக்கத்துல மிச்சம் நிக்கற 49 செ.மீ. பட்டையில கை, பட்டி, கழுத்துக்குச் சாய்வா வெட்டற கிராஸ் பட்டை எல்லாம் விழுந்துரும். இதே துணி 58 அங்குலத்துல கிடைச்சா ரெண்டு பாகமும் பக்கத்துல நிக்கும், பீஸுக்கு 1.6 மீட்டர்ல முடியும். மீட்டர் விலையை மட்டும் பாத்து 44 வாங்காதீங்க.

சின்ன யூனிட்ல மேசை 16 அடிதான் இருக்கும், அதாவது 4.87 மீட்டர். ஒரு மார்க்கர்ல ரெண்டு குர்த்தி போட்டா 4.64, சரியா உக்காரும். M-ஐயும் L-ஐயும் ஜோடி போடுங்க, S-ஐயும் XL-ஐயும் ஜோடி போடுங்க. XL உடம்புக்குப் பக்கத்துல 44 செ.மீ.தான் மிச்சம், XL கை 46 அகலம், அங்க நிக்காது. S உடம்புக்குப் பக்கத்துல 52 இருக்குது, XL கையை அங்க போட்டு S கையை XL பக்கம் தள்ளிருங்க. இது தெரியாம L-ஐயும் XL-ஐயும் ஜோடி போட்டா கைக்குத் தனியா அரை மீட்டர் போகும்.

M-L மார்க்கர் நிறத்துக்கு 8 அடுக்கு, S-XL மார்க்கர் 4 அடுக்கு, ஆக 12 அடுக்கு. விரிக்கும்போது முனையில ரெண்டு பக்கமும் 2 செ.மீ. விட்டா அடுக்குக்கு 4.68 மீட்டர், 12-க்கு 56.2. தறிக்குத்தத்துக்கும், துணித் தான் (சுருள்) முடியற இடத்துத் துண்டுக்கும் 3 சதவீதம் சேத்து நிறத்துக்கு 58 மீட்டர். இது சுருங்கி முடிஞ்ச துணிக்கணக்கு. மாத்து பீஸ் வேணுமுன்னா M-L-ல ஒரு அடுக்கு கூட விரிங்க, ரெண்டு பீஸ் வரும்.

சுருக்கத்தைச் சோதிக்காம மேசை மேல துணி ஏத்தக்கூடாது. ஒவ்வொரு நிறத்துலயும் 60 செ.மீ. துண்டு வெட்டி, நடுவுல 50-க்கு 50 சதுரம் பேனாவுல குறிங்க. வீட்ல எப்படித் துவைப்பாங்களோ அப்படித் துவைச்சு, நிழல்ல காயவெச்சு, தேச்சு, திரும்ப அளங்க. 47.5 வந்தா 5 சதவீதம். நீளவாட்டும் குறுக்குவாட்டும் வேற வேற வரும், நிறத்துக்கு நிறமும் மாறும். கருநீலம் ஒரு மாதிரி, வெள்ளை ஒரு மாதிரி. மாறுச்சுன்னா ஒரே பேட்டர்ன்ல மூணு நிறத்தையும் வெட்ட முடியாது. 72 பீஸுக்காக மூணு பேட்டர்ன் போடறதை விட, துணியை முழுசா முன்னாடியே நனைச்சு காயவெச்சு வெட்டறதுதான் நல்லது. அப்படின்னா நிறத்துக்கு 58-ஐ 0.95-ஆல வகுத்து 61 மீட்டர் வாங்குங்க. நனைச்ச துணிக்குப் பேட்டர்ன்ல சுருக்கம் சேக்கக்கூடாது. ரெண்டும் பண்ணிட்டு, குர்த்தி சொன்ன நீளத்தைத் தாண்டித் தொங்குதுன்னு டெய்லரைக் குத்தம் சொல்றவங்க நிறையப் பேர்.

வெட்டறதுக்கு அவங்ககிட்ட வட்டக்கத்தி மெஷின்தான் இருந்தா, கைக்குழியையும் கழுத்தையும் அதுல வெட்ட விடாதீங்க. வட்டமான பிளேடு மேல் அடுக்கைத் தொடற இடமும் கீழ் அடுக்கைத் தொடற இடமும் ஒண்ணா இருக்காது. நேர்கோட்டுல அது தெரியாது. வளைவுல கீழ் அடுக்கு ஒரு சைஸும் மேல் அடுக்கு ஒரு சைஸுமா வந்துரும். "அளவு மாறுது"ன்னு சொல்றதுல பாதி இங்கதான் பிறக்குது. வளைவுக்கு நேர்கத்தி, இல்லைன்னா நாலு நாலு அடுக்கா எடுத்துக் கத்திரி.

வெட்டி முடிச்சதும் ஒவ்வொரு அடுக்குக்கும் நம்பர் ஸ்டிக்கர். முன், பின், கை எல்லாம் ஒரே நம்பர்ல சேரணும். ஒரு தானுக்கும் இன்னொரு தானுக்கும் நிறம் இம்மி வித்தியாசம் இருக்கும். கலந்து தைச்சா வெயில்ல கை தனியாத் தெரியும்.

செக்கிங்_டேபிள் (கோவை):

மேலே கட்டிங் மாஸ்டர் வெட்டு வரைக்கும் சொல்லிவிட்டார். தையலுக்கு என்ன கொடுத்தனுப்ப வேண்டும் என்பதைச் சேர்க்கிறேன்.

வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். M சைஸில் ஒரு பீஸ் முழுதாகத் தைத்து, துவைத்துப் பார்த்து, நீங்கள் ஒப்புக்கொண்டதும் கையெழுத்துப் போட்ட டேக் ஒன்று அதில் மாட்டி யூனிட்டில் தொங்கவிடுங்கள். அதே போல இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும். கூடவே ஒரு தாள்: மார்பு, இடுப்பு, தோள், கைநீளம், கைவாய், கழுத்தாழம், முழுநீளம், நாலு சைஸுக்கும் செ.மீ.யில். எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதையும் எழுதுங்கள். மார்பிலும் நீளத்திலும் 1 செ.மீ., கழுத்தில் அரை. இது எழுதப்படாவிட்டால் தள்ளிய பீஸுக்கு யார் பொறுப்பு என்ற சண்டை கட்டாயம் வரும்.

கேம்ப்ரிக்குக்கு 11-ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 11 அல்லது 12 தையல். முந்தைய வேலையில் ஜீன்ஸ் தைத்த 16-ஆம் நம்பர் ஊசி அப்படியே மெஷினில் இருந்தால் தையலை ஒட்டித் துணி சுருங்கி நிற்கும், தேய்த்தாலும் போகாது. புது ஊசிப் பாக்கெட் ஒன்றை நீங்களே கொடுத்தனுப்புங்கள், செலவு பெரிதல்ல. பட்டிக்கு ஒட்டுகிற கேன்வாஸை அதே துணியின் துண்டில் ஒட்டித் துவைத்துப் பாருங்கள். குமிழ் விட்டால் ஒட்டிய சூடோ அழுத்தமோ குறைவு என்று அர்த்தம். அல்லது கேன்வாஸ் சுருங்குகிற அளவும் துணி சுருங்குகிற அளவும் வேறு.

லைனில் முதல் மூன்று பீஸ் வந்ததும் நேரில் போய் அளந்து பார்த்த பிறகே மீதி ஓட வேண்டும். மூன்றாவது பீஸில் பிடித்த தப்பைப் பத்து நிமிடத்தில் திருத்தலாம். எழுபதாவதில் பிடித்தால் பிரித்துத் தைப்பதுதான், அதற்குள் கேம்ப்ரிக்கில் ஊசி ஓட்டை தெரிய ஆரம்பித்துவிடும். 72 பீஸ்தானே, எல்லாவற்றையும் நீங்களே செக் செய்யுங்கள். பிசிர் வெட்டியிருக்கிறதா, காஜாவில் பட்டன் இறுகாமல் நுழைகிறதா, கைகள் இரண்டும் ஒரே நீளமா. தேய்த்த சூடு ஆறாமல் கவரில் போட்டு ஒட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று, மழைக்காலமானால் பத்து நாளில் கரும்புள்ளி விழுந்துவிடும்.

வரவு_செலவு (பாலக்காடு):

எல்லைக் கேள்விக்கு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுத்தவர் என்று வைத்துச் சொல்கிறேன். பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் பொருள் விற்பதாக இருந்தால், கைவினைப் பொருள்களுக்கு உள்ள சில விலக்கு போக, விற்றுவரவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவை.

துணியை வேலைக்கு அனுப்புவது விற்பனை ஆகாது. மூன்று பிரதியில் டெலிவரி செலான் போதும். ஆனால் வேறு மாநில ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் வேலை) துணி அனுப்பும்போது, மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் இ-வே பில் (வண்டியில் போகும் சரக்குக்கான ஆன்லைன் சீட்டு) கட்டாயம். 50,000 ரூபாய்க்குக் கீழே வேண்டாம் என்ற நினைப்பில்தான் பலர் வண்டியோடு மாட்டுகிறார்கள். போன துணி ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். ஆண்டு விற்றுவரவு 5 கோடிக்குள் என்றால் ஐடிசி-04 படிவம் (வேலைக்குப் போன, திரும்பிய துணிக் கணக்கு) ஆண்டுக்கு ஒரு முறை. ஈரோட்டில் வாங்கும் துணியை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே யூனிட்டுக்கே அனுப்பச் சொல்லலாம். பில் உங்கள் பெயரில், இறக்குமிடம் யூனிட் முகவரி.

விலை வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. கசவுக் குர்த்திக்கு 2,600 போட்டால், அந்தக் கூடுதல் நூறு ரூபாயையும் தாண்டி வரி போய்விடும்.

நூல்கண்டு:

மாஸ்டர், S-XL ஜோடிக் கணக்கைத் தாளில் வரைந்து பார்த்தேன், சரியாக உட்காருகிறது. மூன்று பேருக்கும் நன்றி. கசவுத் துணியில் கரை அடிமடிப்பில் வர வேண்டும், அதற்கும் இதே மார்க்கரா?

கரைவேட்டி (சித்தூர், பாலக்காடு):

இல்லைங்க, அது முழுக்க வேற. கரை துணியின் நீளத்தோடு ஓடுது. அது குர்த்தியின் அடியில வரணும்னா குர்த்தியைக் குறுக்கே திருப்பி வெட்டணும். அப்போ குர்த்தியின் நீளம் பாவு வாட்டில் (துணியின் நீளத்தில்) இல்லை, ஊடை வாட்டில் (துணியின் அகலத்தில்) போகும். துணி அகலம் 48 அங்குலம் இருந்தால்தான் 110 செ.மீ. குர்த்தி நிற்கும், 44-ல் மார்ஜினுக்கு இடமே இல்லை. சுருக்கச் சோதனையில் ஊடை வாட்டு எண்ணைத்தான் குர்த்தி நீளத்துக்கு எடுக்கணும். குத்தாம்புள்ளியோ வேறு எந்த ஊரோ, தறியிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். முதல் நனைப்பில் அது போனதும் துணி தளர்ந்து அளவு மாறும். அதைவிடப் பெரிய சிக்கல், பருத்தி சுருங்கும் அளவுக்குச் சரிகை சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே கரை அலை அலையாக நெளியும். நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டணும்.

விரிக்கும்போது கைத்தறியில் அகலம் ஒரே தானிலேயே ஒன்றிரண்டு செ.மீ. ஏறி இறங்கும். கரைப் பக்கத்தை மட்டும் ஒரே கோட்டில் சேர்த்து, அரை மீட்டருக்கு ஒரு குண்டூசி குத்துங்க. எதிர்ப்பக்கம் எப்படி வேணாலும் நிற்கட்டும். எட்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், கரை நகர்ந்துவிடும். அடுத்த பக்கமும் கரை இருந்தால் அதைக் கைவாய்க்கு எடுத்துக்கலாம். மழுங்கின ஊசி சரிகை இழையை அறுக்கும், அதனால் புது 11. சரிகை மேல் நேரடியாக இஸ்திரி வைக்காதீங்க, உள்பக்கம் திருப்பி, மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில்.

கர்க்கடக (ஆடி) மழையில் நனைத்த துணி காயாது, அதனால் ஓணச் சரக்குக்குத் துணியை மே மாதத்திலேயே நனைத்துக் காயவைத்து எடுத்து வைச்சிருங்க. ஓணத்துக்கு முந்தின நாலு வாரமும் இந்தப் பக்கம் டெய்லர் யாரும் புது வேலை தொடமாட்டாங்க, பொள்ளாச்சிப் பக்க யூனிட்டிடம் ஜூன் கடைசி வாரத்துக்கே தேதி வாங்கிக்குங்க.