ஷிரிதோரி கரோகே: 'ரு'வில் தொடங்கும் பாட்டு வேணும்

ஷிரிதோரிங்கிற ஜப்பானியச் சொல் சங்கிலி விளையாட்டை ஜப்பானியப் பாட்டுகளை வச்சு ஆடுறோம். நம்ம பாட்டுக்குப் பாட்டு மாதிரிதான், ஆனா பார்க்கிறது வரியை இல்லை, தலைப்பை. ஒரு தலைப்பு முடியுற கானா எழுத்துல (ஜப்பானிய அசையெழுத்து) அடுத்தது தொடங்கணும். 'ன்'ல முடிஞ்சா அவுட். அதனால 'லெமன்', 'ராபின்சன்' ரெண்டையும் தூக்கியாச்சு.

இதுவரை கோத்தது: 'ஜான்கோகு நா தென்ஷி நோ தேஜே' (1995), 'ஜென்ஜென்ஜென்ஸே' (2016), 'செகாய் நி ஹிதோட்சு தாகே நோ ஹனா' (2003), 'நாதா சோசோ', 'உயே ஓ முய்தே அருகோ' (1961), 'உல்ட்ரா சோல்' (2001). 'சோசோ' காதுக்கு ஓகாரம்தான். கானாவில் கடைசி எழுத்து 'உ'. 'அருகோ'வும் அப்படியே. காதை நம்பினா இங்கேதான் சண்டை வரும்.

சிக்கல் 'ரு'. 'உல்ட்ரா சோல்' கானாவில் 'ரு'லதான் முடியுது. ஜப்பானிய வினைச்சொல் பாதி 'ரு'ல முடியும் ('யோரு நி காகேரு' மாதிரி), ஆனா 'ரு'ல தொடங்குற பாட்டு அபூர்வம். 'ரூபி நோ யுபிவா' (1981) ஒருமுறைக்கு உதவும். 'ரூஜ் நோ தெங்கோன்' எடுத்தா 'ன்'ல மாட்டிக்குவோம்.

'ன்'ல முடியாத 'ரு' பாட்டு இன்னும் நாலஞ்சு சொல்லுங்க. ரொம்ப உச்சஸ்தாயி வேண்டாம், ஆறு பேரும் பாடணும். அப்புறம், 'செரீ' மாதிரி நெடிலைக் காட்டுற நீட்டல் கோட்டில் (ー) முடிஞ்சா 'ரி'யா, 'இ'யா? நீங்க எதை வச்சு ஆடுறீங்க?