கோலொகேசனுக்குத் தமிழ்: உடன்வைப்பு சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்,

திங்கட்கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கான கையேடு அச்சுக்குப் போகிறது. டில்லியில் வளி மாசை எப்படி அளக்கிறார்கள் என்பது பாடம். நுண்துணிக்கை (PM2.5, வளியில் மிதக்கும் மிகச் சிறிய துணிக்கை) என்ற சொல்லில் எனக்குச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் நுண்துகள் என்பார்கள், ஆனால் எங்கள் பிள்ளைகள் துணிக்கை என்றே படித்து வந்தவர்கள், இப்போது மாற்றினால் வேறு ஏதோ பொருள் என்று நினைப்பார்கள். இடறுவது கோலொகேசன் (co-location), அதாவது ஒரு கருவியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது.

விலை குறைந்த லேசர் உணரி துணிக்கையை நிறுப்பதில்லை. அதில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எவ்வளவு இருக்கும் என்று கணிக்கிறது. மார்கழிப் பனிமூட்டத்தில் துணிக்கை ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும், கருவியும் கூட்டிச் சொல்லும். இந்தியாவின் ஆண்டு வரம்பு கனமீற்றருக்கு 40 மைக்கிரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இப்படிச் சின்ன எண்களோடு ஒப்பிடும்போது பத்துப் பதினைந்து கூடக் காட்டினால் அந்த அளவீட்டால் என்ன பயன்? அதனால்தான் அந்தச் சின்னப் பெட்டியை, வடிநாடாவில் துணிக்கையைப் பிடித்துப் பீற்றாக் கதிரால் திணிவை அளக்கும் பெரிய கருவிக்குப் பக்கத்தில் கிழமைக்கணக்காக ஓடவிட்டு, இரண்டின் எண்களையும் ஒத்துப்பார்க்கிறார்கள்.

இதற்கு உடன்வைப்பு என்று நேற்றுக் கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், இது வங்கியில போடுறதோ?" என்று கேட்டது. நிலையான வைப்பு, சேமிப்பு வைப்பு என்று வீதியெல்லாம் விளம்பரம், அது என்ன செய்யும். வேறு சொல் தாருங்கள்.

---

தம்பி,

புதிதாக எதற்கு? கட்டளைக் கல் இருக்கிறதே, பொன்னை உரைத்துப் பார்க்கும் கல், வள்ளுவர் ஆண்ட சொல். கட்டளை என்றால் ஏவல் மட்டும் இல்லை, வரையறுத்த அளவும்தான். கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையை எடுத்துக்கொள்ளும்: ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசை என்றால் 17, ஒன்று கூடவும் முடியாது குறையவும் முடியாது. பெரியது கட்டளைக் கருவி, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கட்டளைப்படுத்தல். அதோடு, வளியைக் காற்று என்று மாற்றச் சொல்பவர்களுக்கு இடம் கொடுக்காதேயும். "விசும்பு தைவரு வளி" என்று புறநானூறு பாடியிருக்கிறது.

---

ஐயா, சொல் அழகுதான், ஆனால் கட்டளை என்றால் இன்றைக்குப் பிள்ளைக்கு ஓடர்தான் ஞாபகம் வரும். பெரிய கருவி சின்னதுக்கு உத்தரவு போடுகிறது என்று விளங்கிக்கொள்ளும். இணைநிறுத்தல் என்றால் என்ன? நிறுத்தலில் நிற்கச்செய்வதும் இருக்கிறது, எடை பார்ப்பதும் இருக்கிறது. இங்கே இரண்டும் வேண்டும்.

---

அக்கா, பஸ்தரிப்பிடத்தையும் நிறுத்தம் என்கிறார்கள், அந்தக் குழப்பம் வராதா?

---

வந்தாலும் வைப்பு அளவுக்கு வராது என்று நினைக்கிறேன். இதுவரை நான்கு பேர் இணைநிறுத்தலுக்கு, ஒருவர் கோலொகேசன் என்றே விடச் சொல்கிறார், ஐயா கட்டளைக்கு. அச்சகம் பொறுக்காது, இணைநிறுத்தல் என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் "பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தல்" என்று விரித்து எழுதுவேன். எனக்கு அந்த விரிவுதான் இன்னும் பிடித்திருக்கிறது, ஆனால் பரீட்சை விடையில் ஒவ்வொரு முறையும் அதை எழுதச் சொல்ல முடியாது.

---

தம்பி, அச்சிடும். ஆனால் கட்டளைப்படுத்தலை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது திரும்பவும் எழுதுவேன்.