மறு: ஆயுதக் குழுக்களின் வானொலிக்கு என்ன சொல்?

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு, ஆயுதக் குழுக்கள் நடத்தும் வானொலியைக் குறிக்க ஒரு தமிழ்ச் சொல்லும் அதற்கொரு விளக்கக் குறிப்பும் தேடுகிறோம் அல்லவா, அதுபற்றி.

> 'ரகசிய வானொலி' போதுமே, எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது, சரி அண்ணாச்சி. ஆனால் அந்தச் சொல் பொருளைக் கோணலாகக் காட்டுகிறது. 1942-இல் உஷா மேத்தா குழுவினர் பம்பாயில் நடத்திய காங்கிரஸ் வானொலி, '42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கிருந்தோ' என்று அறிவித்துக்கொண்டுதான் பேசியது. அலைநீளத்தை ஊருக்கே சொன்னார்கள். இடத்தை மட்டும் மறைத்தார்கள். ஆகவே ஒளிந்திருந்து ஒலிபரப்புவதை 'மறைவிட வானொலி' எனலாம். தக்கலை நண்பர் சொன்ன 'தலைமறைவு வானொலி'யில் போலீஸ் செய்தி வாடை அடிக்கிறது.

ஆனால் நாம் தேடும் சொல் இன்னொன்று. 1990-இல் தொடங்கிய விடுதலைப் புலிகளின் வானொலியான 'புலிகளின் குரல்', போர்நிறுத்தக் காலத்தில் கிளிநொச்சியில் வெளிப்படையாகவே நடந்தது. 2007 நவம்பர் 27 அன்று இலங்கை விமானப்படை அதன் நிலையத்தின்மேல் குண்டு வீசியது. இதை மறைவிட வானொலி என்றால் பொருந்தாது. ஈழத்தில் 'இயக்கத்துக்குப் போய்விட்டான்' என்றால், ஆயுதக் குழுவில் சேர்ந்துவிட்டான் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்தே எடுத்து 'இயக்க வானொலி' என்று வைப்போம். பயங்கரவாதியா போராளியா என்ற தீர்ப்பு அதற்குள் இல்லை. 'இயக்க முறைமை'யோடு (operating system) குழம்பும் என்று கணினிக்காரர்கள் சொல்லலாம். பக்கத்தில் வானொலி என்று வந்தபின் என்ன குழப்பம்?

அப்புறம், விளக்கக் குறிப்பைத் தயவுசெய்து 'பிரசாரம்' என்ற ஒரே சொல்லில் முடிக்க வேண்டாம். ஜனம் ஏன் காது கொடுத்தது என்பதுதான் முக்கியம். எல் சால்வடாரில் 1981 முதல் ஒலித்த கெரில்லாப் போராளிகளின் ரேடியோ வென்செரெமோஸ், போர்ச் செய்திகளோடு ஆட்சியாளர்களைக் கேலி செய்யும் நாடகமும் போட்டது. 1958-இல் கியூபாவின் சியரா மயெஸ்த்ரா மலையில் கிளர்ச்சியாளர்களின் வானொலியான ரேடியோ ரெபெல்தேயைத் தொடங்கிய சே குவேரா, மக்களிடம் பேசும் வானொலிக்கு உண்மையே அடிப்படை என்று பின்னால் எழுதினார். அல்ஜீரிய விடுதலைப் போரில் போராளிகளின் வானொலி அலையைப் பிரெஞ்சு அரசு இரைச்சல் எழுப்பிக் குலைத்தபோதும், ஒருவர் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு கேட்டதைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொன்னார். தடுக்கத் தடுக்க ஆர்வம் கூடியது. இந்த உறவு குறிப்பில் வரவேண்டும். ருவாண்டாவில் 1994-இல் வானொலி கொலைக்குத் தூண்டியதையும் சேர்க்கவேண்டும். காதுக்கு நெருங்கிய குரல் அதையும் செய்யும்.

நம் நாகர்கோவில் நிலையம் 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாக வந்தது. 'உள்ளூர்' போலவே 'இயக்க' என்பதும் யாருடைய குரல் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

குழுவிலுள்ள ஈழத்து நண்பர்கள் இந்தச் சொல் காதுக்கு இயல்பாக இருக்கிறதா என்று எழுதுங்கள். அவர்கள் சரியென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

நாகர்கோவிலிலிருந்து,
அன்புடன்