‘பூர்வ வாசனை’யும் பிறவிக்குணமும் ஒன்றா?

கேள்வி (மேற்கு மாம்பலம்): உபன்யாசத்தில் ‘பூர்வ வாசனை’ என்கிறார்கள். எழுதும்போது ‘பிறவிக்குணம்’ என்று போடலாமா? சபாக்களில் ‘சங்கீத வாசனையே இல்லாதவர்’ என்பதும் இதே பொருள்தானா?

பதில்: போட்டால் பாதிப் பொருள் போய்விடும். பிறவிக்குணம் கூடவே பிறந்தது. எப்படி வந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. வேதாந்தத்தில் வாசனை என்பது முன் செயல்களும் அனுபவங்களும் மனதில் விட்டுப்போன படிவு. பூவை எடுத்த பிறகும் கூடையில் மணம் நிற்கிறதே, அதுபோல. படிந்தது என்பதால்தான் அதைத் தேய்க்கவும் முடியும். ‘வாசனா க்ஷயம்’ என்பது அதைத்தான். முன்ஜென்மம் பேசாத கட்டுரை என்றால் ‘இயல்பு’ போதும்.

இன்னொரு பதில்: சபா வழக்கு வேறுங்க. அங்கே வாசனை என்றால் பரிச்சயம். ‘பள்ளிக்கூட வாசனை அறியாதவர்’ என்றால் பள்ளிக்கே போகாதவர், படிப்பு ஏறாதவர் அல்ல. இதைப் பிறவிக் குறையாக மாற்றி எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மற்றொருவர்: பிறவியோடு வருவதற்கு இடத்துக்கு ஏற்ற வேறு சொற்களும் உண்டு. சிலந்தி கற்காமலே வலை பின்னுவது ‘இயல்பூக்கம்’. பெற்றோர் வழியாக நோய் வரும் வாய்ப்புக்குப் ‘பரம்பரை’. ‘சுபாவம்’ ஆள் பழகும் விதத்துக்கு: கூச்ச சுபாவம், முன்கோப சுபாவம்.